கடலில் மறைந்தார்

தாம்பரத்தில் ஒரு சிறிய செய்தித் தளத்தில் புரோகிராமராக இருக்கிறேன். கோவளத்திலிருந்து கடலுக்குப் போன ஒருவர் திரும்பவில்லை. அவரைப் பற்றி நாங்கள் போட்ட பக்கத்தில் தலைப்பு, செய்தி, படத்தின் கீழே என எல்லா இடத்திலும் ‘காணவில்லை’ என்றே இருந்தது.

பல மாதங்கள் கழித்து அவர் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். மீன் விற்ற கையோடு பஸ் ஏறியிருந்தார்.

“அத்த மாத்திடு சார். செத்துட்டார்னு போட்டுடு.”

“உடல் கிடைச்சிருச்சாம்மா?”

“இல்ல சார். எம்பொண்ணு டெய்லி போன்ல அதயே பாத்துகினு கீது. ஸ்கூலுக்குப் போவமாட்டேங்குது. அப்பா வந்துடும்னு சோறு எடுத்து வைக்குது.”

உறுதியாகாமல் ‘இறந்தார்’ என்று போட முடியாது என்றார் எங்கள் செய்தி ஆசிரியர். கொஞ்சம் யோசித்து, ‘கடலில் மறைந்தார்’ என்று மாற்றச் சொன்னார்.

பி.எச்.பி. என்ற புரோகிராம் மொழியில் ஒரு சொல்லைத் தேடி, அது வரும் இடமெல்லாம் வேறொன்றை வைக்க ‘ஸ்ட்ரிங் ரீப்ளேஸ்’ என்ற ஃபங்ஷன் உண்டு. ஒரே வரி எழுதி ஓட்டினேன். பக்கம் முழுக்க மாறிவிட்டது. அந்த அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

“அவ்ளோதானா சார்?” என்று கேட்டவர், என் மேசையருகே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழத் தொடங்கினார்.