எப்சிபா அக்காவின் மணிக்கார்

காரக்கோணத்திலிருந்து போன் வந்தபோது நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். மதியத்து மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. இந்த வயதில் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே ஒரு இடம் உண்டு. பகலில் பெரும்பகுதி நான் அங்கேதான் இருக்கிறேன். "மாமா, மாமி காலத்த போயிட்டாவ" என்று எப்சிபா அக்காவின் தம்பி மகன் சொன்னான். எந்த மாமி என்று நான் கேட்கவில்லை. போனைப் பிடித்தபடியே மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். ரோட்டில் எங்கோ ஒரு கார் குலுங்கி வருவதும், அதன் முன்னால் ஒரு மணி அடிப்பதும் கேட்டது. அந்த மணி அடித்து எத்தனையோ காலமாகிறது. ஆனாலும் எழுந்து வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

அடக்கத்துக்குப் போனேன். அக்காவை அறிந்த உங்களில் பலரும் வந்திருந்தீர்கள். அவர் கையில் பிறந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று கல்லறைத் தோட்டம் கொள்ளாத கூட்டம். பேசியவர்கள் எல்லோரும், இந்தப் பக்கத்தில் அந்தக் காலத்திலேயே கார் ஓட்டிய பெண் என்று சொல்லிப் புகழ்ந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. கார் ஓட்டுவது என்ன பெரிய காரியம்? பழகினால் யாருக்கும் வரும். அந்தக் காரை அவர் என்ன பாடு படுத்தினார் என்று ஒருவராவது சொன்னார்களா? சொல்ல வேண்டியவன் நான். உதியன்குளங்கரையில் மெக்கானிக்காக உட்கார்ந்து, அந்த ஒரே காரால் நிம்மதியைத் தொலைத்தவன் வேலப்பனாகிய நான்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா பிரசவம் பார்க்கும் நர்ஸ். ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா தன்னுடைய பழைய கறுப்புக் காரை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வாரிசில்லாத சொத்து கிடைத்தவர்கூட அப்படி உரிமை கொண்டாடமாட்டார். வந்த மாதத்திலேயே முன்பக்கத்து இடது சீட்டைக் கழற்றிக் கோழிக்கூட்டில் போட்டுவிட்டார். அந்த இடத்திலிருந்து பின்சீட்டு வரைக்கும் நீளமாக ஒரு பலாப் பலகையை ஆணி அடித்து இறக்கினார். ஆள் குள்ளம் என்பதால் கிளச் மிதியிலும் பிரேக் மிதியிலும் அயனி மரக் கட்டையை வைத்து டயர் வாரால் கட்டினார். ஜன்னல்களுக்குத் திரை தைத்தார். ஹார்ன் சத்தத்தில் கர்ப்பிணிகள் பதறுகிறார்கள் என்று அதை அவிழ்த்தெறிந்துவிட்டு, ஞாயிறு பள்ளிக்கூடத்துக் கைமணி ஒன்றை முன்னால் தொங்கவிட்டார். வண்டி குலுங்கும்போதெல்லாம் அது தானாகவே அடிக்கும்.

விடியும் நேரத்தில், நெய்யாற்றிலிருந்து வரும் மூடுபனிக்குள் அந்த மணிச்சத்தம் மட்டும் முதலில் வரும். கார் பிறகுதான் வரும். எங்கோ ஒரு வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது என்று தூக்கத்திலேயே ஊருக்குத் தெரிந்துவிடும். கடைக்காரன் ரோட்டில் கிடக்கும் கூடையை நகர்த்துவான், மாட்டுவண்டிக்காரன் ஒதுங்குவான். கார் கடந்துபோனபின் எல்லோரும் விட்ட இடத்திலிருந்து தூக்கத்தைத் தொடர்வார்கள்.

நான் மட்டும் தூங்கமாட்டேன். ஒருநாள் அக்கா காரின் கூரையில் உளியை வைத்து வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளே காற்று வேண்டுமாம். "அக்கா, இதை உண்டாக்கினவனுக்குத் தெரியாதா எங்க ஓட்டை வேணும், எங்க வேண்டாம்னு?" என்றேன். அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"வண்டி உண்டாக்கினவன் பிள்ளப்பேறு கண்டவனில்ல, கேட்டியா?" என்றார்.

"என்கிட்ட சொன்னா நான் வடிவா வெட்டித் தருவேனே."

"நீ மட்டும் கண்டவனா?"

ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் அது நன்றிகெட்டதனம். மிதியில் கட்டை கட்டியதைத் தவிர, பிரேக்கை அவர் ஒருநாளும் தன் கையால் தொட்டதில்லை. தவறாமல் என்னிடம்தான் கொண்டுவருவார். "மத்ததெல்லாம் எனக்குள்ள காரியம். நானே செய்தா கெட்டாலும் எனக்குத்தான். பிரேக்கு தப்பினா ரோட்டுல நிக்குதவனுக்கும் சேத்தாக்கும் சாவு. அது படிச்சவன் கைதான் வேணும்" என்பார். எதைத் தானே செய்வது, எதை இன்னொருவன் கையில் கொடுப்பது என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருந்த வாடிக்கையாளர் எனக்கு அதற்குப் பிறகும் கிடைக்கவில்லை.

பிறகு போராட்ட வருடங்கள் வந்தன. மலையாள ராச்சியத்தில் இருந்த நம் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. அக்காவும் அந்தக் கட்சிதான், நானும் அந்தக் கட்சிதான். இன்று இஞ்சிவிளையைத் தாண்டினால் வேறு மாநிலம். அன்று அந்த எல்லை இன்னும் பிறக்கவில்லை. எங்கே பிறக்கும் என்பதுதான் சண்டை. கடையடைப்பு, ஊர்வலம், ரோட்டுக்குக் குறுக்கே வெட்டிப்போட்ட மரங்கள். ஒருபக்கம் போலீஸ் வண்டிகளை நிறுத்தும், இன்னொரு பக்கம் நம் பையன்கள் நிறுத்துவார்கள். மணிக்காரை மட்டும் இரண்டு பேரும் நிறுத்தமாட்டார்கள். மணி கேட்டதும் பையன்களே ஓடிவந்து மரத்தைப் புரட்டி வழிவிடுவார்கள்.

அதுவே வினையாகிவிட்டது. பலகைக்கு அடியில் போராட்டக்காரர்களின் நோட்டீசுகள் போகின்றன என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். துணியும் சோப்பும் தவிர அங்கே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். பழக்கமான ஒரு ஏட்டு, சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவர், என் காதோடு மலையாளத்தில் சொன்னார்: பாறசாலை முக்கில் மணிக்காரைப் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் நாலு சீட்டு என்று இருக்கிறது, வண்டியில் பலகை கிடக்கிறது, காரணம் அது போதும். பிடித்தால் எப்போது விடுவார்கள் என்று தெரியாது. அந்த மாதம் அக்காவின் கணக்கில் இருந்த கர்ப்பிணிகளில் என் மனைவி பங்கஜமும் ஒருத்தி. தலைப்பிரசவம். கொஞ்சம் சிக்கல் இருக்கிறது, கிழக்கே மிஷன் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார்.

நான் போய்ச் சொன்னேன். அக்கா போய் முன்னால் தொங்கிய மணியைக் கையால் பிடித்துக்கொண்டார். பிறகு, நான் வருடக்கணக்காகக் கேட்கக் காத்திருந்த வார்த்தையைச் சொன்னார்.

"எல்லாத்தையும் கழத்து, வேலப்பா. கம்பெனியிலருந்து இப்ப வந்ததுபோல ஆக்கு."

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைத்துப் பயனில்லை. கல்யாண வேலை போல ஓடி ஓடிச் செய்தேன். பலகையை எடுத்தேன். கோழிக்கூட்டிலிருந்து சீட்டை மீட்டு, எச்சத்தைக் கழுவி, போல்ட் போட்டு இறுக்கினேன். கூரைக்குத் தகடு வைத்துப் பற்றவைத்துக் கறுப்பு அடித்தேன். திரையை அவிழ்த்தேன், மணியை அவிழ்த்தேன், பழைய ஹார்னைப் பொருத்தினேன். மாலை வெயிலில் அது நின்ற அழகு! அக்கா சுற்றிவந்து பார்த்தார்.

"கொள்ளாம். நல்ல வேல" என்றார். பிறகு மெதுவாக, "ஆனா இது இப்ப ஆருக்க வண்டி, மக்கா?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். கேட்டவர் சிரிக்கவில்லை.

மறுநாள் பிற்பகலே பங்கஜத்துக்கு வலி கண்டுவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. முன்சீட்டைச் சாய்க்க வழியில்லை. பின்சீட்டில் பாதி உட்கார்ந்தும் பாதி படுத்தும் அவள் தவித்தாள். கூரை மூடியிருந்ததால் உள்ளே புழுக்கம். ஜன்னலில் திரை இல்லாததால் வெட்கம் வேறு. நான் அவள் பக்கத்தில் ஒடுங்கி இருந்தேன். பாறசாலை முக்கில் போலீஸ் நின்றது. ஒரு போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். நாலு சீட்டு, கறுப்பு கார், ஒரு கர்ப்பிணி. கையை வீசிப் போகச் சொல்லிவிட்டார். ஓட்டுவது அக்கா என்று தெரிந்தாலும், அவர் பிடிக்க வேண்டிய பலகை வண்டி இதுவல்ல. நான் மூச்சுவிட்டேன்.

இஞ்சிவிளையில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மாமரம் கிடந்தது. அக்கா ஹார்னை அடித்தார். இரண்டு பக்கமும் மரச்சீனி விளைகள், ஆளுயரக் கிழங்குத் தோட்டங்கள். ஒரு ஆளையும் காணவில்லை. மழையில் இலைகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. எல்லாம் கனவில் நடப்பதுபோல அவ்வளவு அமைதியாக இருந்தது. அடுத்த நிமிடம் ஒரு கல் வந்து, நான் முந்தினநாள் பளபளப்பாக்கிய கதவில் விழுந்தது.

"ஆபீசருக்க வண்டியாக்கும்லே, விடாத!" என்று விளைக்குள்ளிருந்து ஒரு குரல்.

அக்கா தலையை வெளியே நீட்டினார். "எலே, எறியாத! நான் எப்சிபாவாக்கும். பேறுக்காரி உண்டு வண்டியில!"

"எப்சிபாக்காக்க வண்டி மணியடிச்சுல்லா வரும்! பொய்யி சொல்லாத!"

இன்னும் ஒரு கல். மரத்தை நாங்கள் இரண்டு பேர் புரட்ட முடியாது. திரும்பிப்போகவும் நேரமில்லை. அக்கா பங்கஜத்தின் வயிற்றில் கையை வைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சவத்த விடு. இனி ஆசுத்திரி இல்ல, இஞ்சதான். சீட்டக் கழத்து."

ஸ்பேனரை எடுத்தேன். பெருமையோடு இறுக்கிய போல்ட்கள். ஒவ்வொன்றும் அவிழ மறுத்தது. நல்ல வேலை செய்ததற்காக என்னையே நான் திட்டிக்கொண்டேன். சீட்டைத் தூக்கி ரோட்டில் எறிந்து, சாக்கை விரித்து அவளைக் கிடத்தினோம். "பிடிக்க ஒண்ணும் இல்லியே" என்று பங்கஜம் அழுதாள். என் கையை நீட்டினேன். அவள் பிடித்த பிடியில் தோல் உரிந்தது. வலித்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவள் பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர என் தலைக்குள் வேறு ஒன்றும் இல்லை. அக்காவின் குரல் மட்டும் மழைக்குள் பைய, பைய என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

குழந்தை அழுதது. அந்த அழுகை விளைவரைக்கும் போயிருக்க வேண்டும். மரச்சீனிச் செடிகள் விலகின. கையில் கல்லோடு பையன்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் ஒருவன் கல்லை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். இன்னொருவன் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினான். என் மூத்த மகன் முதலில் உடுத்தது அந்தத் துண்டைத்தான். அவனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது.

அவர்கள் மரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அக்கா கூரையிலிருந்து வழிந்த மழைத்தண்ணீரில் கை கழுவினார். நான் பக்கத்தில் போய், "அந்தப் பலகையைக் கழத்தாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"நான் சொல்லித்தானே நீ செய்த? பாறசாலையில விட்டானே, அது உனக்க வேலையாக்கும். இல்லன்னா இவ போலீசு ஸ்டேஷன் முற்றத்துல கெடந்திருப்பா" என்றார். நான் மழையில் நின்று அழுதேன். மழையாதலால் யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்தேன். அக்கா தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டுப் போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

அந்த வருடங்கள் ஒருவழியாக முடிந்தன. கோடு போடப்பட்டது. நாம் கேட்ட இடத்தில் அது விழவில்லை. நம் ஊர்கள் மலையாளப் பக்கமே நின்றன, ஆஸ்பத்திரி தமிழ்நாட்டுப் பக்கம் போனது. அக்கா அதன்பிறகும் பழைய வழியிலேயே போய்வந்துகொண்டிருந்தார். கேட்டால், "வலி வந்தவளுக்கு எந்த ராச்சியம்?" என்பார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின ஒரு பகல். ஊர் கொஞ்சம் அடங்கியதும் அக்கா பலகையையும் மணியையும் அவர் கையாலேயே திரும்பப் பொருத்தினார். கூரையை மறுபடி உளியால் வெட்டினார். நான் பிரேக்கை மட்டும் பார்த்துக் கொடுத்தேன். எல்லாம் முடிந்தபின் காரை எங்கள் வீட்டுக்கு ஓட்டிவந்து, பங்கஜத்தைக் கூப்பிட்டுப் பலகையில் படுக்கச் சொன்னார். குழந்தையை என்னிடம் தந்துவிட்டு அவள் சிரித்துக்கொண்டே படுத்தாள்.

"அண்ணைக்குப் பிடிக்க ஒண்ணும் இல்லாம இவனுக்க கையைப் பிச்செடுத்தியே. கண்ணை மூடு. அந்த வலியை நெனச்சுக்கிட்டு கையை நீட்டு. எங்க ஒரு பிடி இருந்தா உனக்குக் கொள்ளாம்?"

எந்த இடத்தில் இரும்பு பலமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என் பக்கம் திரும்பாமலே, "நீ மிண்டாத" என்றார். பங்கஜத்தின் கை கடைசியில் காரின் உள்பக்கத் தகட்டில் ஒரு இடத்தில் நின்றது. நான் நினைத்த இடமல்ல, அக்கா நினைத்த இடமும் அல்ல. அக்கா சாக்பீஸால் அங்கே குறி போட்டார். "இஞ்ச ஒரு ஓட்ட போடு, வேலப்பா" என்றார். தன் காரில் துளைபோட அவர் என்னைக் கேட்டது அன்றுதான். தகட்டுக்குப் பின்னால் ஒரு இரும்புப் பட்டையை வைத்துப் பலப்படுத்தி, ஒரு வளையம் மாட்டினேன். அதன்பிறகு எத்தனை பெண்கள் அதைப் பிடித்தார்களோ, வளையம் தேய்ந்து வெள்ளியாக மின்னியது.

பங்கஜம் போய்ப் பல வருடமாகிறது. இப்போது அக்காவும் போய்விட்டார். என்னிடம் அவருடைய படம்கூட இல்லை. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே நான் கிடக்கும்போது வருவது இதுதான்: பங்கஜம் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். அவள் கை காற்றில் தடவித் தடவி இடம் தேடுகிறது. பக்கத்தில் சாக்பீஸோடு எப்சிபா அக்கா குனிந்து நிற்கிறார். அவசரப்படவில்லை. அந்தக் கை தானாக நிற்கும்வரைக்கும் காத்திருக்கிறார்.