கரவனில் ஏறிய லாச்சப்பல்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பாரிஸ் பத்தாம் வட்டாரத்தில், தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலின் ரூ பெர்தொனேயில் நாங்கள் நால்வரும் மாட்டுப்பட்டு நின்றோம். காருக்குப் பின்னால், உள்ளே படுத்துத் தங்கக்கூடிய ஆறு மீற்றர் நீளமான கரவன் ஒன்று கொழுவியிருந்தது. முன்னால் மரக்கறி இறக்கும் வான், இரண்டு பக்கமும் நகைக்கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும், பின்னால் ஹோர்னிலிருந்து கையை எடுக்காத ஏழெட்டு வாகனங்கள். எங்கள் பயணம் பிரான்சின் தெற்கு எல்லை மலையடியிலுள்ள ஃபுவா என்ற ஊருக்கு. தூரம் 765 கிலோமீற்றர். வீடு இருக்கும் எபினே-சூர்-செய்னிலிருந்து புறப்பட்டுப் பத்துக் கிலோமீற்றர் வந்திருந்தோம், அதுவும் சுற்றுவழியில்.

இதற்குக் காரணம் யோகன் அண்ணை. அவர் எங்கள் மாடிக்கு மேல்மாடியில் இருப்பவர். இருபத்திரண்டு வருடமாகப் பிரெஞ்சு உணவகம் ஒன்றில் சமையல் வேலை. "லாச்சப்பலிலை ஒரு தேங்காய் உடைக்காமல் நான் கார் ஏறமாட்டன்" என்று ஒற்றைக்காலில் நின்றார். கார் ஓட்டிய என் கணவர் குமரன் கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்பவர். மறுத்துப் பேசத் தெரியாத மனிதர். கரவனையும் இழுத்துக்கொண்டு சனிக்கிழமை லாச்சப்பலுக்குள் நுழைவதற்கு ஒன்றில் பெரிய துணிச்சல் வேண்டும், அல்லது மறுத்துப் பேசத் தெரியாமல் இருக்கவேண்டும்.

தேங்காய் உடைந்தது. எலுமிச்சம்பழத்தில்தான் பிரச்சினை வந்தது. காருக்கு நான்கு சில்லு, கரவனுக்கு இரண்டு. ஆனால் கரவனின் மூக்கில் சின்னதாக ஒரு கைச்சில்லு வேறு இருக்கிறது. ஓடும்போது அதை மேலே தூக்கிக் கட்டிவிடுவார்கள். அதற்கும் பழம் வைப்பதா இல்லையா?

"தொங்கிக்கொண்டு நிக்கிற சில்லு எப்பிடியண்ணை பழத்தை நசிக்கும்?" என்றார் குமரன்.

"அதுவும் சில்லுத்தானே? அதை மட்டும் ஏன் தள்ளி வைக்கிறியள்?" என்று கேட்டார் நகைக்கடை வாசலில் நின்றவர். அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தெருவில் அபிப்பிராயம் சொல்ல அறிமுகம் தேவையில்லை. கடைசியில் ஏழாவது பழத்தை யோகன் அண்ணை காலால் மிதித்து நசித்தார். பிறகு ரிவேர்ஸ் எடுக்க உதவிக்கு வந்தார்கள் ஒரு பத்துப் பேர். "ஒடி, ஒடி!" "நேராக்கு!" "விடு, விடு, வரட்டும்!" மூன்றும் ஒரே நேரத்தில். குமரன் அன்றைக்கு யாருக்கும் மறுப்புச் சொல்லாமல் மூன்றையும் செய்ய முயன்றார். பெருந்தெருவான ரூ து ஃபொபூர் சேன்-தெனிக்கு வெளியே வர முக்கால் மணித்தியாலம் எடுத்தது.

எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரையும் பயணத்துக்கு முதலே கூப்பிட்டுப் பார்த்திருந்தோம். "உங்களோடை கரவனிலையா? நொன் மெர்சி" என்று தட்டிவிட்டார்கள்.

இனி, ஏன் ஃபுவா என்று சொல்லவேண்டும். யோகன் அண்ணையின் மனைவி மலர் முதியோர் இல்லத்தில் தாதி உதவியாளர். ஃபுவாவில் உள்ள ஓர் இல்லத்தில் அவளுக்கு நிரந்தர வேலை தரத் தயாராக இருந்தார்கள். வேலையோடு இரண்டு அறை வீடும், பின்னால் சின்னத் தோட்டமும். இங்கே அவள் காலை நாலரைக்கு எழும்பி, இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் மாறி வேலைக்குப் போகிறவள். முதுகு நோவுக்குக் குளிசை போடாத நாள் இல்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நேர்முகம். யோகன் அண்ணையோ, தமிழ்க் கடை இல்லாத ஊரில் மனிசர் சீவிக்கேலாது என்ற கட்சி. கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. போய்ப் பார்ப்பது, பிடித்தால் சரி. அவர் 'இல்லை' என்றால் மலர் அந்தக் கதையை இனி எடுக்கமாட்டாள்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் பிள்ளைகளை அரைவாசி வளர்த்தது மலர்தான். உண்மையைச் சொன்னால், அவளுக்கு அந்த வேலை கிடைக்கக்கூடாது என்று நான் மனதுக்குள் நேர்ந்துகொண்டுதான் காரில் ஏறினேன். அவளுடைய முதுகை நினைக்கும்போது வெட்கமாக இருந்தது. ஆனாலும் நேர்ந்தேன்.

ஓர்லேயான் வரை எல்லாம் சுகம். வீதி நேரே ஓடியது, இரு பக்கமும் கோதுமை வெட்டிய வயல்கள். அதைத் தாண்டி ஒரு பெரிய லொறி எங்களை முந்தியபோது கரவன் மெல்ல ஒருமுறை ஆடியது. பிறகு பலமாக ஆடியது. அடுத்த கணம் நாய் வாலை ஆட்டுவதுபோல எங்கள் காரையே இடமும் வலமும் ஆட்டத் தொடங்கிவிட்டது. மலர் என் கையைப் பிடித்த பிடி இரண்டு நாள் நொந்தது. குமரன் பிரேக்கைத் தொடாமல் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தார். அந்த ஒரு புத்திதான் எங்களைக் காப்பாற்றியது. ஆட்டம் அடங்க, அடுத்த தரிப்பிடத்தில் ஒதுக்கி நிறுத்தினோம்.

எங்களுக்குப் பின்னால் இன்னொரு கரவன் வந்து நின்றது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பிரெஞ்சுப் பெண் இறங்கி வந்தார். நாங்கள் ஆடிய ஆட்டம் முழுவதையும் பின்னால் இருந்து பார்த்திருக்கிறார்.

"பின்பக்கத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள், பியானோவா?" என்று கேட்டார்.

யோகன் அண்ணை பின்கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்தார். நான் எட்டிப் பார்த்தேன். இருபது கிலோ குத்தரிசி, பத்துக் கிலோ மா, பதினெட்டுத் தேங்காய், கல் வைத்த அரைக்கும் மிசின், இடியப்ப உரல், பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, ஆறு போத்தல் நல்லெண்ணெய். ஒரு கிழமைப் பயணத்துக்கு! அதிலும் ஒரு விசேஷம், வேலைத்தலத்தில் நாளுக்கு நூறு பேருக்குச் சமைக்கும் அந்த மனிதர் வீட்டில் அடுப்படிப் பக்கம் போகவே மாட்டார். இவ்வளவையும் ஏற்றியது அவர், சமைக்கவேண்டியது மலர்.

"இதென்னண்ணை, லாச்சப்பலையே ஏத்திப்போட்டியள்?" என்றேன்.

"அங்கை ஒண்டும் இருக்காது எண்டுதானே, பிள்ளை..." என்றார். தலை குனிந்திருந்தது. கேலி செய்ய வாயெடுத்த நான் நிறுத்திக்கொண்டேன். அந்த மனிதருக்கு உண்மையிலேயே பயம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பாரம் பின்னால் இருந்தால் கரவன் ஆடும், நடுவில் அச்சுக்கு மேலே வைக்கவேண்டும் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லித் தந்தார். அரைக்கும் மிசினைத் தூக்கும்போது "இது எதற்கு?" என்று கேட்டார். தோசைக்கு என்றோம். தோசையை விளங்கப்படுத்தப் பத்து நிமிடம் போனது. போகும்போது ஒரு தேங்காயை வாங்கிக்கொண்டுதான் போனார். அதன் பிறகு மணிக்குத் தொண்ணூறைத் தாண்டவில்லை நாங்கள்.

அன்றிரவு லிமோஜுக்கு அருகே கரவன்கள் நிறுத்தும் ஒரு முகாமில் தங்கினோம். மின்சாரத்தோடு இடத்துக்கு இருபத்திரண்டு யூரோ. நால்வரும் கரவனுக்குள் படுத்தால் ஒருவர் புரள மற்ற மூவரும் எழும்பவேண்டும். வியர்சோனிலிருந்து பிறீவ் வரை நெடுஞ்சாலைக்குச் சுங்கம் கிடையாது என்பதைக் குமரன் எங்களுக்கு மூன்றுமுறை சொன்னார். கணக்காளர் அல்லவா!

ஞாயிறு கயோர், துலூஸ் தாண்டித் தெற்கே இறங்கினோம். வீட்டுக் கூரைகள் சிவந்தன, சூரியகாந்தித் தோட்டங்கள் வந்தன, மாலையில் மலைகள் எழும்பின. ஃபுவாவின் நடுவே பாறைக்குன்று, அதன் மேல் மூன்று கோபுரங்களோடு ஒரு கோட்டை, கீழே சத்தம் போட்டு ஓடும் ஆறு. மலர் கார்க் கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு வந்தாள். யோகன் அண்ணை கடைப் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார். பாண் சுடும் கடை, மருந்துக் கடை, மீன்பிடிச் சாமான் கடை. "பாத்தியளே, ஒண்டுமில்லை" என்றார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மலரை இல்லத்தின் வாசலில் விட்டோம். யோகன் அண்ணை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் "சந்தைப் பக்கம் ஒருக்கால் பாத்திட்டு வாறன்" என்று நடந்துவிட்டார். கறிவேப்பிலை தேடித்தான் போனார் என்று அடித்துச் சொல்வேன்.

பதினொன்றரைக்கு மலர் வெளியே வந்தாள். "எடுத்திட்டினம், சுமதியக்கா. வெள்ளிக்கிழமைக்குள்ளை பதில் சொல்லட்டாம்" என்றாள். அவள் முகத்தில் சந்தோசமும் இல்லை, துக்கமும் இல்லை. பரீட்சை எழுதியது அவள், ஆனால் பெறுபேறு வரவேண்டியது வேறொருவர் வாயிலிருந்து. நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். நேர்ந்ததை நினைக்க எனக்கு அழுகை வந்தது. அவள் அதைச் சந்தோசக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டாள்.

யோகன் அண்ணையைச் சந்தையில் மீன்காரர் ஒருவரின் மேசை முன்னே கண்டுபிடித்தோம். இருவரும் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். பயந்து கிட்டப் போனால், விஷயம் வெண்ணெய். ஆற்று மீனைப் பொரிக்கும்போது வெண்ணெய் எந்த நிறத்துக்கு வரவேண்டும் என்ற தர்க்கம். சுற்றிவர நாலைந்து பேர் கட்சி பிரிந்து நின்றார்கள். ஓர் ஏச்சு, ஒரு சிரிப்பு என்று யோகன் அண்ணையின் பிரெஞ்சு பொழிந்தது. அரச கந்தோர்களில் பப்பியே என்னும் பத்திர அலுவலுக்குக்கூட, பிரெஞ்சு பேச என்னைக் கூட்டிக்கொண்டு போகும் மனிதர் இவர்தானா என்று நான் வாயைப் பிளந்து நின்றேன்.

அன்று மாலை முகாமில் யோகன் அண்ணை யாரையும் அடுப்பைத் தொட விடவில்லை. மீன்காரரிடம் வாங்கிய நாலு ஆற்று மீன், பாதாம் சீவல், ஒரு கட்டி வெண்ணெய், உருளைக்கிழங்கு. இரண்டு காஸ் அடுப்பையும் புல்லில் வைத்துக்கொண்டு ஆள் வேறு ஆளாகிவிட்டார். குமரனுக்குக் கிழங்கு தோலுரித்து வெட்டும் வேலை. "அதென்ன வெட்டு? மெல்லிசா, மெல்லிசா!" தட்டைத் தூக்கிக்கொண்டு வரும்போது, "ஷோ துவான்!" என்று ஒரு கத்தல். சூடாக வருகிறது, வழிவிடு என்று உணவகச் சமையலறையில் போடும் சத்தமாம். பக்கத்துக் கூடாரத்துக்காரர் உண்மையிலேயே வழிவிட்டார்.

மலர் ஒரு வாய் வைத்தாள். இரண்டாவது வாய் வைத்தாள். பிறகு முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கலியாணம் கட்டிப் பதினெட்டு வரியம். இதைத்தானோ இவ்வளவு நாளும் ஊராருக்குப் போட்டனீங்கள்?"

"ஓம். நானும் இண்டைக்குத்தான் இருந்து சாப்பிடுறன்" என்றார் அவர். "அங்கை நிண்டபடி ருசி பாக்கிறது மட்டுந்தான். பிறகு வீட்டை வந்து சோறு." கொஞ்ச நேரம் மீனின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். "இருபத்திரண்டு வரியத்திலை ஒருத்தரும் என்னட்டை என்ன சமைக்கிறனி எண்டு கேட்டதில்லை, மலர். லாச்சப்பலிலை பூலோ, வேலை எப்பிடிப் போகுது எண்டு மட்டும் கேப்பினம். உந்த மனிசன் என்னோடை அரை மணித்தியாலம் வெண்ணெய்க்காக அடிபட்டவன். நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறான், சண்டை முடியேல்லையாம்."

அவர் மலரைப் பார்த்தார்.

"அவைக்கு ஓம் எண்டு சொல்லும்."

"நாளைக்கு மனம் மாறமாட்டியளே?"

"மாறாது. கறிவேப்பிலை சுமதி அனுப்புவா."

நான் அனுப்புவேன் என்று தலையாட்டினேன். சந்தோசமும் வயிற்றெரிச்சலும் ஒரே தட்டில் வந்தால் எதை முதலில் சாப்பிடுவது? மலரின் மீனில் பாதியை எடுத்து என் தட்டில் போட்டுக்கொண்டேன். அவள் தடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை எபினேக்குத் திரும்பினோம். எங்கள் தெருவில் வழக்கம்போல வாகனம் நிறுத்த இடமில்லை, லிஃப்ட் வேலை செய்யவில்லை. யோகன் அண்ணையும் மலரும் சாமான்களோடு மேலே ஏற, குமரனும் நானும் கரவனைச் சொந்தக்காரரிடம் ஒப்படைக்கப் போனோம். அவர் நம்மவர்தான். கிழமைக்கு 350 யூரோவுக்கு வாடகைக்கு விடுபவர். சுற்றிவரப் பார்த்துவிட்டு, கீறல் ஒன்றுமில்லை என்று திருப்திப்பட்டார்.

மறுத்துப் பேசத் தெரியாத என் கணவர் அன்றைக்குத் தானாக வாய் திறந்தார்.

"அண்ணை, டிசம்பர் நத்தார் லீவுக்கு இதை வேறை ஒருத்தருக்கும் குடுத்துப்போடாதேங்கோ."

"மாரியிலையோ? எங்கை கொண்டுபோறியள்?"

"திரும்பவும் ஃபுவாவுக்கு."

அவர் சிரித்தார். "அந்த மலைக்குள்ளை ஆர் இருக்கினம்?"

குமரன் என்னைப் பார்த்தார். நான்தான் பதில் சொன்னேன்.

"எங்கடை ஆக்கள்."