டிஸ்க் தெரியாத சனிக்கிழமை

என் கணவர் கோபப்பட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "சனியனே, என்னதான் வேணும் ஒனக்கு?" என்று அதைத் திட்டுவார். கொடுத்த டீ ஆறிப்போகும். ஒருமுறை பள்ளிக்கூடத்துப் பிரிண்டர் ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட வராமல், அதனோடு மல்லுக்கட்டி ஜெயித்தார். அவர் திட்டும்போது நான் நிம்மதியாக அடுப்படியைப் பார்ப்பேன். அவர் அமைதியாகிவிட்டால்தான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்ப்பேன்.

நான் கேரளத்து மலையில், வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார். இங்கே பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடம் முழுக்க, விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸில்தான். பாடத்துக்கு லினக்ஸ் போதும் என்று மற்ற வாத்தியார்கள் இருந்துவிடுவார்கள். இவருக்கு அது கிட்டத்தட்ட வேதம். லேப்டாப் வாங்கிய அன்றே, அதில் கூடவே வந்திருந்த விண்டோஸைத் துடைத்து எறிந்துவிட்டு லினக்ஸைப் போட்டார். என்னமோ வீட்டுக்குள் புகுந்த பாம்பை அடித்த மாதிரி அன்று முழுக்க ஒரே உற்சாகம். எனக்கு எதுவானால் என்ன, வீடியோ ஓடினால் சரி என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த விண்டோஸ்தான் எனக்கு வேண்டியிருந்தது. வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். வீட்டிலிருந்தே கேமரா முன்னால் எழுதலாம் என்றார்கள். ஆனால் தேர்வை நடத்துகிற புரோகிராம் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதனால் ஒரே லேப்டாப்பில் அவருடைய லினக்ஸும் இருக்க வேண்டும், எனக்கு விண்டோஸும் வேண்டும். திறக்கும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், அப்படிச் செய்ய முடியும் என்று அவர்தான் எப்போதோ பெருமையாகச் சொல்லியிருந்தார்.

நான் அயர்லாந்துக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. அவருடையது நிரந்தர வேலை, விட்டுவிட்டு வரமாட்டார். போனால் நான் தனியாகத்தான் போக வேண்டும். எங்களுக்குக் கடன் கிடையாது, போயே தீர வேண்டிய கட்டாயமும் இல்லை. எனக்கு ஆசை, அவ்வளவுதான். என்னோடு படித்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய வேலை பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு வெறி. அவர் ஒருநாளும் போகாதே என்று சொன்னதில்லை. "பாத்துக்கிரலாம்" என்பார். அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிருந்தது.

தேர்வு சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. விண்டோஸ் போடும் வேலையை அவர் இரண்டு வாரமாகப் பாத்துக்கிரலாம் என்றே தள்ளிக்கொண்டு வந்தார். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் காற்று. இங்கே காற்று பலமாக அடித்தால் மரம் விழும் என்று கரண்டை நிறுத்திவிடுவார்கள். சனிக்கிழமை காலையிலும் கரண்ட் இல்லை. இந்தத் தேர்வைத் தவறவிட்டால் ஆள் எடுக்கிறவர்களின் நேர்காணலும் போய்விடும். அடுத்தது எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது.

காலையில் பல் தேய்த்ததும் லேப்டாப்பைத் தூக்கி மேசைமேல் வைத்தேன்.

"கரண்ட் இல்லாம தொடக்கூடாது," என்றார். "டிஸ்க்குல எடத்தச் சுருக்கணும். பாதியில பேட்டரி செத்துச்சுன்னா எல்லாம் போயிரும். என் கேள்வித்தாளு, பிள்ளைக மார்க்கு எல்லாம் அதுலதான் இருக்கு."

சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயமாகப் பேசுகிறவரைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். பக்கத்து வளவில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் இருக்கிறது, அங்கே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவரிடம் ஒன்றும் கேட்காமல் வேலி ஓரம் போய், "சேட்டா, ஒரு ஒயர் இழுத்துக்கிரட்டுமா? எனக்கு இன்னைக்குப் பரீட்சை," என்று கூப்பிட்டேன். ஸ்டோர்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. வேலிக்கு மேலே ஒயர் வந்தது, ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தேன். ஒயர் முனையிலிருந்த பிளக் பாயின்ட்டை என் கணவர் கையில் கொடுத்தேன்.

"நீ எமகாதகி," என்றார்.

"ஆரம்பிங்க," என்றேன்.

ஆரம்பித்தார். கேள்வித்தாளையும் மார்க்கையும் மட்டும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்தார். இன்னொரு பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் திறந்து, லினக்ஸ் இருந்த இடத்தைச் சுருக்கி, எனக்கென்று ஒரு காலி இடம் ஒதுக்கினார். திரையில் ஒரு பட்டை ஊர்ந்தது. ஜெனரேட்டர் திக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம். அவர் நெற்றியில் வேர்வை. "நிக்காத, நிக்காத, சண்டாளா," என்று ஜெனரேட்டரையும் சேர்த்துத் திட்டினார். அந்தத் திட்டைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. மனுஷன் நமக்காகத்தான் பாடுபடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பட்டை முடிந்தது. லினக்ஸ் பத்திரமாகத் திறந்தது.

அடுத்து விண்டோஸ் பென்டிரைவைச் சொருகினார். மொழி கேட்டது, நாடு கேட்டது, எங்கே போட வேண்டும் என்று கேட்டது. டிஸ்க்குகளின் பட்டியல் வர வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். அவர் கொஞ்சநேரம் திரையையே பார்த்தார். திட்டவில்லை. நாற்காலியில் சாய்ந்தார். பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "டிஸ்க்கே தெரியலம்மா. இந்த லேப்டாப்புல ஏறாது போல. என்ன செய்ய, நமக்குக் கொடுத்து வச்சது அம்புட்டுதான்."

அவர் குரலில் அப்படி ஒரு கனிவு.

ஆஸ்பத்திரியில் இந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையே போதும் என்று டாக்டர் சொன்னதும் நோயாளியின் சொந்தக்காரர்கள் முகத்தில் வருமே, அந்த ஆசுவாசம். பிரிண்டர் ஒன்றோடு ஒரு பகல் முழுக்கச் சண்டை போட்டவர், இரண்டு நிமிஷத்தில் கையை விரிக்கிறார். ஒரு சனியன்கூடச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் இவரைத் தெரியும்.

வேறு யாரையாவது கேட்கலாமா என்றால், இந்தப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் எல்லாரும் வருவது இவரிடம்தான். இவர் முடியாது என்றால் இந்த மலையில் யாராலும் முடியாது என்ற மாதிரி. மணி பதினொன்று தாண்டியிருந்தது.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். கத்தினால் அவருக்கு வசதி, சண்டையாகிவிடும், சண்டையிலேயே நேரம் போய்விடும். அதனால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"முடியாதுன்னா விட்டுருங்க," என்றேன். "ஆனா என் கண்ணப் பாத்து ஒருவாட்டி முடியாதுன்னு சொல்லுங்க. நான் நம்பிக்கிறேன். இனிமே இதப்பத்திப் பேசவே மாட்டேன். சத்தியமா."

அவர் பார்த்தார். வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப் போனார். ஸ்டோரில் யாரோ சாக்கைத் தரதரவென்று இழுக்கும் சத்தம் கேட்டது. அவர் கண் முதலில் மேசைக்கு இறங்கியது, அப்புறம் தரைக்கு. அந்த நேரத்தில் அவர் முடியாது என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன், ஆனால் நம்பினேன் என்று சொல்லியிருப்பேன். அதற்குப்பிறகு எங்கள் குடித்தனம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். குழாயைத் திறந்து முகம் கழுவும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்து உட்கார்ந்து லேப்டாப்பை அணைத்துத் திறந்தார். திறக்கும்போதே ஏதோ ஒரு விசையைப் படபடவென்று தட்டினார். பளிச்சென்று வேறொரு திரை வந்தது. அதில் ஒரே ஓர் அமைப்பை மாற்றினார். திரும்ப விண்டோஸ் பென்டிரைவ் திறந்தது, திரும்ப மொழி கேட்டது, நாடு கேட்டது. பட்டியலில் டிஸ்க் வந்து நின்றது.

அதற்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. முதலிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

காலி இடத்தில் விண்டோஸ் ஏறத் தொடங்கியது. பாதியில் ஒருமுறை நின்று நின்று வந்தபோது, "ஏறுடா நாயே," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்படிக்குப் போய் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அரிசி களைவதுபோல் கொஞ்சநேரம் பாத்திரத்தை உருட்டினேன்.

விண்டோஸ் திறந்தபோது மணி ஒன்று நெருங்கிவிட்டது. போனைக் கேபிளில் மாட்டி நெட் கொடுத்தார். தேர்வுப் புரோகிராமை இறக்கினார். கேமரா, மைக், எல்லாம் சரி என்று பச்சைக்குறி வந்தது. கரண்டும் வந்து சேர்ந்தது, ஜெனரேட்டர் ஓய்ந்தது. சரிபார்ப்பதற்காக ஒருமுறை அணைத்துத் திறந்தார். நேராக விண்டோஸே வந்தது. எது வேண்டும் என்று கேட்கவே இல்லை.

"உங்க லினக்ஸு எங்க?" என்றேன்.

"உள்ளதான் இருக்கு. தொறக்கிற வழிய இது மறைச்சிருச்சு. சரி பண்ணிக்கிரலாம்."

"பண்ணுங்க."

"இப்ப வேணாம். அதத் தொட்டு உன்னுது கெட்டுப்போச்சுன்னா? நீ எழுதி முடி." சொல்லிவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். திங்கட்கிழமை அவர் வகுப்புக்கு மாதிரித் தேர்வு. கேள்வித்தாள்தான் பென்டிரைவில் இருந்தது, பிள்ளைகளுக்காக அவர் கட்டி வைத்திருந்த பயிற்சி எல்லாம் அந்த மறைந்துபோன பக்கத்தில் இருந்தது.

தேர்வின்போது அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது, வேறு குரல் கேட்டால் தேர்வே ரத்து. அவர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். நான் கேமராவுக்கு அடையாள அட்டையைக் காட்டி, மேசையைச் சுற்றிக் காட்டி, எழுத ஆரம்பித்தேன். கேட்டு எழுதும் பகுதி போகும்போது திடீரென்று நினைவு வந்தது, சனிக்கிழமை மூன்று மணிக்கு மீன் வண்டி வரும். எங்கள் வளைவில் வந்து ஹார்னை அழுத்தினால் செவிட்டுக்காதே திறக்கும். மணி மூன்றானது. வண்டியின் இரைச்சல் மேடேறி வந்தது, எங்கள் வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றது. ஹார்ன் வரவே இல்லை.

முடித்துவிட்டு வெளியே வந்தேன். ரோட்டில் மீன் வண்டி அப்படியே நின்றது. இவர் அதன் முன்னால் நின்று இன்னமும் பேரம் பேசிக்கொண்டிருந்தார். கையில் ஒரு பெரிய பை நிறைய மத்தி. இரண்டு பேர் ஒரு வாரம் தின்றாலும் தீராது. என்னைப் பார்த்ததும் மீன்காரர் சிரித்தார். "மாஷே, இனி ஹார்ன் அடிக்காமோ?" என்று மலையாளத்தில், இனி அடிக்கலாமா வாத்தியாரே என்ற மாதிரி கேட்டார். இவர் தலையாட்டினார். வண்டி காதைப் பிளந்துகொண்டு கீழே இறங்கிப் போனது.

"எப்படி எழுதுன?" என்றார்.

"நல்லா எழுதியிருக்கேன்."

"பாஸாயிருவியா?"

"ஆயிருவேன்."

அவர் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "காலைல நான் சொன்னது பொய்யி," என்றார்.

"தெரியும்."

"எனக்கு நீ போறது பிடிக்கல. இன்னைக்கும் பிடிக்கல. ஆனா இனிமே குறுக்க நிக்க மாட்டேன். போறதுன்னா போ. ஏர்போர்ட்டு வரைக்கும் நானே வந்து விட்டுட்டு வாரேன்."

பாத்துக்கிரலாம் என்று அவர் சொன்னால் பதில் உண்டு, கோபப்பட்டால் பதில் உண்டு, அழுதால்கூட ஒன்று வைத்திருந்தேன். மாதக்கணக்கில் அடுக்கி அடுக்கி வைத்த அத்தனையும் வீணாய்ப் போனது. அதுவரை, போக முடியாமல் போனால் இவர்மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று எனக்குள் ஒரு தைரியம் இருந்திருக்கிறது. அப்படி ஒன்று இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

மீன் பையை வாங்கிக்கொண்டேன். கதவு திறந்து கிடந்தது, உள்ளே லேப்டாப் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. இனி என்னைத் தடுக்க யாரும் இல்லை. நான் போகத்தான் போகிறேன் என்று முதல்முதலாக நம்பினேன், ரோட்டிலேயே நின்று குழந்தைபோல அழுதேன்.