ஈசானி மூலையில் ஒரு சின்ன அறை

அந்த ஸ்கேன் சென்டரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சுவர் எழும்பாத சிமெண்டுத் தரையும், அதில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே குனிந்தவாக்கில் பின்னால் நகர்ந்த ஒரு பெண்மணியும்தான். எம்.ஆர்.ஐ. அறைகளை வடிவமைப்பது அவர் தொழில். திருச்சியிலிருந்து பஸ்ஸில் வருவார். எங்களுக்கு அவர் என்ஜினியரம்மா. நான் சென்டரின் முதலாளியான டாக்டருக்குச் சித்தப்பா மகன். டிப்ளமோ முடித்துவிட்டு, புதுக்கோட்டையில் அவர் கட்டிய அந்த சென்டருக்கு சூப்பர்வைசராக இருந்தேன். காகிதத்தில் பார்த்தால் எல்லாருக்கும் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும் என்பார் என்ஜினியரம்மா. அதனால் அறைகளை முழு அளவில் தரையிலேயே வரைந்து, எங்களை நோயாளிகளாக நடக்கவிடுவார். கொத்தனார் நொண்டிக்கொண்டு வந்தார். எலக்ட்ரீஷியன் மயக்கம் போட்ட ஆளாகப் படுத்துக்கொண்டார். எங்களுக்கு ஒரே சிரிப்பு. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த மிஷின் ஒரு பெரிய காந்தம், கரண்ட் போனாலும் அது இழுப்பதை நிறுத்தாது என்பதை அவர் காது புளிக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ரோட்டுப் பக்கம் வைத்தால் பஸ் போகும்போதெல்லாம் படம் கெடும். பின்பக்கம் டிரான்ஸ்பார்மர். ஆகவே மனையின் நடுவில்தான் அதற்கு இடம். காந்த அறையின் கதவுக்கும் ஜனங்கள் உட்காரும் ஹாலுக்கும் இடையில், வடகிழக்கு மூலையில், அவர் ஒரு சின்ன அறையை வரைந்திருந்தார். அதை ஏன் வரைந்தார் என்று காட்ட அவரே நோயாளியாக நடந்து வந்தார்.

"நான் அன்னவாசல் பக்கத்துப் பொம்பளை. கொழுந்தனாரோட வந்திருக்கேன். தாலிக்கொடியில ஊக்கு கோத்திருக்கேன். அதை எங்க நின்னு கழட்டுறது, சொல்லுங்க."

கொத்தனார் வேறு பக்கம் பார்த்தார். எங்கள் பக்கத்தில் தாலிக்கொடியில் ஊக்கு மாட்டாத பெண்களை எண்ணிவிடலாம். காலில் முள் தைத்தாலும் ஜாக்கெட் கொக்கி அறுந்தாலும் கை அங்கேதான் போகும். தங்கத்தைக் காந்தம் சீண்டாது; ஊக்கை விடாது. அதனால் உள்தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை, அங்கே விசாரிக்க ஒரு பெண், தாலியைக் கழற்ற நேர்ந்தால் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்று கட்டிக்கொள்ள மஞ்சள் கயிறு. இவ்வளவுதான் அவர் கேட்டது.

டாக்டர் கெட்டிக்காரர். எங்கள் வகையறாவிலேயே முதலில் படித்து மேலே வந்தவர். படத்தை ஒரு பார்வை பார்த்து நோயைச் சொல்லிவிடுவார். ஆனால் கட்டடம் என்றதும் பொன்னமராவதியிலிருந்து ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிவந்தார். காந்தம் வரப்போகிற இடத்துக்கு அவர் காம்பஸும் கையுமாக வந்து இறங்கியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஈசானி மூலை சாமிக்கு உரியது, அங்கே பெண்கள் துணி மாற்றினால் முதலாளி குடும்பம் விளங்காது, பிள்ளையார்தான் இருக்க வேண்டும் என்று முடித்துவிட்டார். என்ஜினியரம்மா மத்தியானம் வரை வாதாடினார். கடைசியில் டாக்டர் பொறுமை இழந்து, "ஒரு வார்த்தை கேக்குறதுக்கு ஒரு ரூமாம்மா? ஹால்லயே கேட்டுக்குவோம்" என்றார். அந்தக் கோடுகளை ஈரச் சாக்கால் துடைத்தார்கள். என்ஜினியரம்மா வந்த டீயைக் குடிக்காமலே பஸ் ஏறிப் போனார்.

மற்றதெல்லாம் அவர் வரைந்தபடியே அமைந்தது. செம்புத் தகடு அடித்த சுவர், கனமான கதவு, கண்ணாடி ஜன்னல் எதிலும் குறையில்லை. படங்கள் பளிச்சென்று வந்தன. மதுரைக்குப் போனவர்கள்கூட எங்களிடம் வர ஆரம்பித்தார்கள். அந்தச் சின்ன அறை இல்லையே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு அந்தப் பெண் வந்தாள். அன்னவாசல் பக்கம் கடலைக் காட்டில் வேலை, கழுத்து வலி, புருஷன் சவுதியில். நிஜமாகவே கொழுந்தனுடன்தான் வந்திருந்தாள். ஹால் நிறையக் கூட்டம். வளையல், தோடு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். உள்ளே இரும்பு ஏதும் இருக்கிறதா என்று டெக்னீசியன் பையன் கேட்டான். கொழுந்தன் பக்கத்திலேயே நின்றான். இல்லை என்று தலையாட்டினாள். ஊக்கை அவள் இரும்பில் சேர்க்கவில்லையோ, ஜாக்கெட்டுக்குள் கைவிட்டு எடுக்கக் கூசினாளோ, எனக்குத் தெரியாது. தலைமாட்டை முன்னால் வைத்துப் படுக்கை உள்ளே நகர்ந்தபோது கொடியோடு ஊக்குகள் முகத்தை நோக்கி எழும்பின. ஒன்று பிய்த்துக்கொண்டு இடது கண்ணில் போய்க் குத்தியது. நான் ஹாலில் இருந்தேன். அவள் அலறல் அந்தக் கனமான கதவைத் தாண்டிக் கேட்டது. மதுரைக்குக் கொண்டுபோனோம். அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை.

கட்டுப் போட்ட கண்ணோடு படுத்துக்கொண்டு, "நாந்தானுங்க தலையாட்டுனேன்" என்றாள். அந்த ஒரு வரியை எங்கள் சென்டரில் ஆளாளுக்குப் பிரசாதம் மாதிரி வாங்கிக்கொண்டார்கள். கேட்டோம், மறைத்துவிட்டது என்று டாக்டர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். வைத்தியச் செலவு முழுவதையும் அவர்தான் ஏற்றார், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு அவளை முந்திக்கொண்டு சவுதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

கொஞ்ச நாளில் டாக்டரே என்ஜினியரம்மாவைக் கூப்பிட்டார். அந்த அறையைக் கட்டிவிடலாம் என்றார். முதலில் அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று என்ஜினியரம்மா சொல்லிவிட்டார். அவளுடைய மாமியார் வீட்டுக்கு நான்தான் காரில் அழைத்துப் போனேன். அவள் எங்களுக்குக் கலர் சோடா வாங்கி வந்து கொடுத்து, நின்றுகொண்டே இருந்தாள்.

"தப்பு ஒங்க மேல இல்லம்மா. அங்க ஒரு ரூம் இருந்திருக்கணும். அது இல்லாததுதான் தப்பு" என்றார் என்ஜினியரம்மா.

அவள் ஓர் அடி கிட்டே வந்தாள். "இதை எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்றீங்களா? பொய் சொல்லிக் கண்ணைத் தொலைச்சவன்னு எங்கிட்டப் பேசுறதையே விட்டுட்டாரு. இங்க இருக்காதேன்னு மாமியாரும் சொல்லிட்டாங்க."

என்ஜினியரம்மா தன் போனிலேயே அவனைக் கூப்பிட்டார். அறையைப் பற்றி, ஹாலைப் பற்றி, அவள் நின்ற நிலையைப் பற்றிப் பொறுமையாகச் சொன்னார். அவன் மரியாதையாகத்தான் கேட்டான். எல்லாம் கேட்டுவிட்டு, "டாக்டரு மறைச்சிருச்சுன்னு சொன்னாருங்க. அவரு வாயால இல்லேன்னு சொல்லட்டும், நம்புறேன்" என்றான். சொல்ல வைக்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு என்ஜினியரம்மா எழுந்தார்.

நேரே டாக்டரிடம் போனோம். அந்த ஒரு போனைப் பண்ணுங்கள் என்று என்ஜினியரம்மா கேட்டார். டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொன்னா நாளைக்கு அதையே கோர்ட்டுல திருப்புவாங்கம்மா. வக்கீல் வாயைத் திறக்காதேன்னுட்டாரு. ரூமைக் கட்டிருவோம், இனிமே யாருக்கும் ஆகாதுல்ல." அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. அவரை எனக்கு அப்போது பிடிக்கவில்லை. என்ஜினியரம்மா ஹாலுக்கு வந்து, டைல்ஸ் தரையில் அதே இடத்தில் கோடு போட்டார். அடுத்த பெண் வருவாளே, அதற்காகத்தான் போட்டார். அந்த மூலையில் இருந்த பிள்ளையார் ரிசப்ஷனுக்கு மாறினார். அறை எழும்பியது. அதற்குப் பிறகு டாக்டர் கூப்பிட்டால் அவர் போனை எடுத்ததில்லை.

போன மாதம் என் மனைவிக்கு முழங்கால் ஸ்கேன் எடுக்க அங்கே போயிருந்தேன். அந்த அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே வரும்போது கழுத்தில் மஞ்சள் கயிறு. இப்போதெல்லாம் ஒரு தொந்தரவும் இல்லை என்று ரிசப்ஷனில் இருந்த பெண் பெருமையாகச் சொன்னாள். என்னால் சந்தோஷப்பட முடியவில்லை.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் அந்த அன்னவாசல் பெண்ணைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். நாங்கள் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே பிறந்த வீட்டுக்குப் போனவள், இன்னும் அங்கேதான் இருக்கிறாளாம். என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்து, நல்லா இருக்கீங்களா என்று கேட்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "டாக்டர் அவருகிட்டப் பேசிட்டாருங்களா?" என்றாள்.