காய்வதற்கு முன் எடை

"கரும்பு காய்ஞ்சி பத்து சதவீதம் எடை குறைஞ்சா, எதைம்மா எக்ஸ்னு வைக்கிறது?" என்றாள் மகள். கள்ளக்குறிச்சி ரோட்டில் கரும்பு டிராக்டர் போனது. வாடிய தோகையின் வாடை வீட்டுக்குள் வந்தது.

பத்தாவது படிக்கையில் இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டியோடு வரிசையில் காத்திருந்த அப்பா, நெஞ்சைப் பிடித்தபடி வண்டியடியிலேயே இறந்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னான். சமன்பாட்டை எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

சித்தப்பா பொழுது சாய்ந்துதான் அப்பாவைக் கொண்டுவந்தார். "எடை போட்டுட்டு வந்தேன் அண்ணி. வெயில்ல கரும்பு காய்ஞ்சிகினே இருந்துச்சி, கம்மியாயிடும்ல."

"இன்னா எடை நின்னுச்சி?" என்று அம்மா கேட்டாள். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை.

"காயறதுக்கு முன்னாடி இன்னா இருந்துச்சோ, அதைத்தான் எக்ஸ்னு வைக்கணும்" என்றேன் மகளிடம்.