அக்காவின் படகும் நான் சாத்திய கதவும்

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரின் அட்டையில் போட ‘குலவிளக்கு அணைந்தது’ என்று அச்சகத்துக்காரர் ஒரு வாசகம் காட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உயிரோடு இருந்தவரை எந்த விசேஷத்திலும் அவரை முன்னால் நிற்கவிடாதவர்கள் நாம். இப்போது விளக்காம், விளக்கு!

அக்கா பிறந்தது முதலியார்பேட்டையில். அப்பா மில் தொழிலாளி. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் எனக்குச் சோறூட்டி வளர்த்தவர் அக்காதான். கடலோரக் குப்பத்து மீனவர் ஒருவரை அவரே விரும்பி மணந்தார். மாமா மஞ்சள் காமாலையில் இறந்தபோது அக்காவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. மிஞ்சியது ஒரு பழைய பைபர் படகு. அதுவும் பக்கவாட்டில் பிளந்து மணலில் கவிழ்ந்து கிடந்தது. “நாய் படுக்கக்கூட லாயக்கில்ல” என்றார் மாமாவின் தம்பி, அக்காவின் கொழுந்தனார்.

அக்கா அப்போது தட்டாஞ்சாவடியில் பைபர் தொட்டி செய்யும் பட்டறையில் வேலை பார்த்தார். படகை மாட்டுவண்டியில் ஏற்றி எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கே கொண்டுவந்துவிட்டார். ஞாயிறுதோறும் உட்கார்ந்து பிளவைச் சுரண்டுவார், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், கண்ணாடி இழைப் பாயை வெட்டி வைத்து ரெசின் பசை பூசுவார். இழைத் தூள் பட்டு இரண்டு கையும் தடித்துச் சிவந்திருக்கும். பக்கத்து வீட்டார் நாற்றம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வந்தார்கள். நானும் என் பங்குக்குக் கேலி செய்தேன்.

“இதுல ஏறி எங்க போற, பாரீசுக்கா?”

“உன்ன ஏத்திக்கினு போயி நடுக்கடல்ல தள்ளிட்டு வரப்போறேன்.”

வேலை முடிந்த பிறகு கொழுந்தனார் வந்து படகைத் தட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறிப்போயிற்று. “அண்ணி, புதுசு கணக்கா இருக்குது. நானே ஓட்டறேன்.”

“ஓட்டு. எனக்கு ஒண்ணே ஒண்ணு. தண்ணியில எறங்கறப்ப நான் கரையில நிக்கணும். இத மறுபடி எறக்கணும்னு உங்க அண்ணன் ஆசப்பட்டுக்கினே போயிட்டாரு. நானாவது கண்ணால பாக்கணும்.”

“அதுக்கென்ன அண்ணி” என்றார் அவர்.

இறக்குவதற்கு முதல் நாளே படகைக் குப்பத்துக் கரையில் சேர்த்தோம். இரவில் மழை பெய்துவிட்டது. விடிந்ததும் அக்கா தனியே போய், படகின் பின்பக்கம் அடியில் இருந்த துளையின் அடைப்பைப் பிடுங்கி மழைத்தண்ணீரை வடியவிட்டார். அடைப்பை மடியில் செருகிக்கொண்டு, முகம் கழுவக் கொழுந்தனார் வீட்டுக்கு வந்தார். அதற்குள் உறவெல்லாம் பூஜைக்குக் கூடிவிட்டது. தாலி இழந்தவள் எதிரில் நிற்கப் படகை இறக்கக்கூடாது என்று பேச்சு கிளம்பியது. கொழுந்தனார் என்னைத் தனியே அழைத்தார்.

“உங்க அக்காவ உள்ளயே வச்சிக்க. பூஜை முடியட்டும்.”

நானும் சரியென்று போனேன். அக்கா இருந்த அறைக் கதவைச் சாத்தி வெளியே தாழிட்டேன்.

“டேய், கதவத் தொற. அடைப்பு என்கிட்ட இருக்குது.”

“சும்மா இரு, அக்கா. பூஜை முடியட்டும்.”

“நான் வரலடா. இந்தா, நீயே எடுத்துக்கினு ஓடு. ஓட்டை தொறந்து கெடக்குது, நாலு பேரு ஏறப்போறாங்க.”

சன்னல் கம்பி வழியே நீட்டினார். வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன். ஓடவில்லை. நான் நகர்ந்தால் வேறு யாரையாவது கூப்பிட்டுத் தாழை எடுக்கச்சொல்லி வெளியே வந்துவிடுவார், கூட்டத்தில் என் மானம் போய்விடும் என்று நினைத்தேன். பூஜை முடிந்ததும் கொடுத்துக்கொள்ளலாம் என்று வாசலிலேயே நின்று காப்பி குடித்தேன். ஆமாம், காப்பி குடித்தேன்.

பூஜை முடிந்து கரையில் வெடித்த பட்டாசுச் சத்தம் கேட்டு ஓடியபோது படகு அலையைத் தாண்டிவிட்டது. நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. படகில் கிடந்த வலைக்கு அடியில் தண்ணீர் ஏறியதைக் கொழுந்தனாரும் உடன் ஏறிய மூவரும் கவனிக்கவே நேரமாயிற்று. கனத்துப்போன படகைத் திருப்பினார்கள். அது அலையில் குறுக்கே விழுந்து கரைக் கல்லில் மோதி இரண்டாகப் பிளந்தது. நாலு பேரும் நீந்திப் பிழைத்தார்கள். கொழுந்தனாருக்குக் கால் முறிந்தது.

யாரோ தாழைத் திறந்துவிட, அக்கா ஓடிவந்தார். கொழுந்தனாரின் மனைவி அவர் காலடியில் காறித் துப்பினார். “தாலி அறுத்தவ கைய வச்சா வெளங்குமா? எம் புருஷனையும் முழுங்கப் பாத்தியேடி!” அக்கா என் சட்டைப் பையைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூட்டம் கலைந்ததும் அடைப்பைக் கடலில் வீசிவிட்டேன்.

அதன்பிறகு அக்காவை யாரும் எதற்கும் அழைக்கவில்லை. என் மகளின் காதுகுத்துக்குக்கூடப் பின்வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். நெஞ்சு வலுவிழக்கும்வரை அதே பட்டறையில் தொட்டி செய்தார். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், அன்றைக்கு ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று.

“நீயே சொல்லுவேன்னு பாத்துக்கினே இருந்தேன்டா” என்றார்.

ஆஸ்பத்திரியில் உடனிருந்த பட்டறைத் தோழியருக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், இன்று வந்திருக்கும் எல்லோருக்கும் நன்றி. கொழுந்தனார் வீட்டாரும் வந்திருப்பீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் அந்தப் படகைப் பற்றிப் பேச்சு வந்தால், இனிமேல் அக்காவைத் திட்டாதீர்கள். படகை உடைத்தவன் நான்.