தலையாட்டியதால் அவிழ்ந்த கூடை

தொப்பம்பட்டி பக்கம் பெண்கள் நடத்தும் கூடைச் சங்கத்துக்கு வேனில் பனையோலை கொண்டுபோகிறவன் நான். பெண்கள் முன்னால் எனக்குப் பேச்சே வராது.

அங்கே உதவி செய்ய ஜெர்மனியிலிருந்து வந்திருந்த பெண், மறுநாள் ஊர் திரும்ப வேண்டும். தன் அம்மாவுக்காகப் பின்னிய கூடையை என்னிடம் காட்டி, எப்படி என்று சைகையில் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்று தலையை இருபுறமும் ஆட்டினேன். முகம் வாடி, கூடையை அவிழ்க்கத் தொடங்கிவிட்டாள்.

சங்கத்தலைவி செல்வி ஓடிவந்தார். "ஏனுங்கண்ணா, புள்ளைய என்ன சொன்னீங்க?"

"நல்லாருக்குன்னுதானுங்க தலையாட்டுனேன்."

"அவங்கூர்ல அப்படி ஆட்டுனா வேண்டாம்னு அர்த்தமுங்க! வாயத் தொறந்தா முத்தா கொட்டிரும்?"

அந்த ஜெர்மன் பெண் எதிரில் போய், "சூப்பர்!" என்று கத்தினேன். அவள் கை நின்றது, சிரித்தாள். விளிம்பு மட்டுமே அவிழ்ந்திருந்தது.

அன்று வீட்டில் ரசம் நன்றாக இருப்பதாக மனைவியிடம் சொன்னேன். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.